கடல் கடந்த மெட்டும் பாலுசாமி தீட்சிதரும்

இன்றைய கச்சேரி மேடையில் பாடகருக்கு அருகே பிடில் இல்லாத ஓர் ஆலாபனையை நினைத்துப் பார்ப்பதும் அரிது. பாடகர் விட்ட இடத்தை எடுத்து, அவர் போன வழியே போய், சில வேளை அவர் போகாத சந்துக்குள்ளும் எட்டிப் பார்த்துத் திரும்பும் அந்தக் கருவி, நம்முடைய பழந்தமிழ் யாழின் மறுபிறவியோ என்றுகூடச் சிலர் எழுதியிருக்கிறார்கள். உண்மை அதுவன்று. நம் சங்கீத வித்துவான்களின் கையில் பிடில் ஏறி இருநூற்றிருபது ஆண்டுகளுக்குச் சற்று முன்பின்னாகத்தான் ஆகின்றது. அதை ஏற்றியவருள் முதல்வராக எண்ணப்படுபவர் பாலுசாமி தீட்சிதர். முத்துசாமி தீட்சிதரின் இளைய தம்பி என்ற அறிமுகத்தோடுதான் அவர் பெயர் எங்கும் வருகின்றது. அண்ணனின் நிழல் அத்தனை நீளமானது. நம் மலரின் பக்கங்களில் அந்தத் தம்பியைத் தனியே நிறுத்திப் பார்க்க விரும்பினேன்.

திருவாரூரில் 1786-ஆம் ஆண்டு பாலுசாமி பிறந்தார். தந்தை இராமசாமி தீட்சிதர் அம்சத்துவனி இராகத்தை உருவாக்கியவர். நூற்றெட்டு இராக தாள மாலிகை இயற்றியவர். மூத்த மகன் முத்துசாமி 1775-இலும், அடுத்தவர் சின்னசாமி 1778-இலும் பிறந்தனர். பாலாம்பாள் என்றொரு மகளும் உண்டு. கோயிற் பணியும் வேதமும் வீணையும் ஒரே கூரையின் கீழ் இருந்த வீடு அது. பிள்ளைகள் எழுத்தறிவதற்கு முன்பே சுரமறிந்திருப்பார்கள் என்று கொள்வதில் தவறில்லை.

அந்த வீடு ஒருநாள் பெயர்ந்தது. சென்னைக்கு வடக்கே மணலியில் வாழ்ந்த முத்துக்கிருஷ்ண முதலியார், ஆளுநர் பிகட்டிடம் துபாஷியாக இருந்து பெரும் பொருள் ஈட்டியவர், இசைப் பித்தர். இராமசாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்து வைத்துக்கொண்டவர் அவரே. அவருக்குப் பின் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார், வழக்கில் சின்னையா முதலியார், அந்த ஆதரவைத் தொடர்ந்தார். துபாஷி என்பவர் இரண்டு மொழிக்கு நடுவே நின்று பிழைப்பவர். அவருடைய வீட்டுக் கூடத்திலும் அப்படியே இரண்டு உலகங்கள் வந்து போயின. ஒரு நாள் வீணை. மறுநாள் கோட்டையிலிருந்து வெள்ளையர் வாத்தியம். தீட்சிதர் சகோதரர்களை முதலியார் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று அங்கே ஐரோப்பியர் வாசிப்பைக் கேட்கச் செய்தார் என்பது அக்குடும்பத்தார் பதிந்து வைத்த செய்தி.

கோட்டையில் அவர்கள் கேட்டது எது? இங்கேதான் நம் கட்டுரை கொஞ்சம் கடல் கடக்க வேண்டியிருக்கிறது.

சீமையின் பேரிசைவாணர் எவருடைய படைப்பையும் சென்னைக் கோட்டையின் சிப்பாய் வாத்தியக் குழு அன்றாடம் வாசித்திருக்க வாய்ப்பில்லை. அணிநடைக்குரிய மெட்டுகளும், விருந்துக்குப் பின் ஆடுவதற்குரிய நடன மெட்டுகளும், குடிமனைப் பாட்டுகளுமே கப்பலோடு வந்தவை. அந்நடன மெட்டுகளில் மிகப் பழைய குடும்பத்தைச் சேர்ந்தது ஹார்ன்பைப். அப்பெயர் முதலில் ஒரு கருவிக்குரியது. மாட்டுக் கொம்பு பொருத்திய நாணற்குழல் அது, நம்மூர் மகுடிக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். பின்னர் அக்குழலுக்கு ஆடிய ஆட்டத்துக்கும், ஆட்டத்துக்குரிய மெட்டுக்கும் அதே பெயர் தங்கிவிட்டது. கும்மி என்பது ஆட்டமாகவும் பாட்டாகவும் யாப்பாகவும் நம்மிடம் நிற்பதைப் போன்றது இது. 16-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில விசைப்பலகைக்கு எழுதப்பட்ட ஹார்ன்பைப் கிடைத்திருக்கிறது. 1651-இல் ஜான் பிளேஃபோர்டு இலண்டனில் அச்சிட்ட நடன மெட்டு நூல், வீட்டுக்கு வீடு பிடில்காரன் வைத்திருந்த கையேடாயிற்று. பதிப்பு மேல் பதிப்பாக 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அது வந்துகொண்டிருந்தது. 1705-இல் தாமஸ் மார்ஸ்டன் என்பவர் லங்காஷயர் வட்டாரத்து ஹார்ன்பைப் மெட்டுகளைத் தனியே திரட்டினார். பர்செல் தம் நாடக இசையில் அதை ஏற்றார். ஹாண்டெல் 1717-இல் தேம்ஸ் ஆற்றின்மேல் அரசர் கேட்ட நீர் இசையில் அதற்கு இடம் கொடுத்தார்.

அக்காலத்து ஹார்ன்பைப் மூன்று பெரிய அடிகளாக நடந்தது. வலிமை விழும் இடம் எதிர்பாராமல் மாறிமாறி விழும். தாளம் போடுபவன் கொஞ்சம் அயர்ந்தால் தடுமாறுவான். 18-ஆம் நூற்றாண்டின் நடுவே அது நான்கடி நடைக்கு மாறியது. நாடக மேடையில் இரண்டு காட்சிகளுக்கு நடுவே தனியாள் ஆடும் ஆட்டமாக அது பெயர் பெற்றதும் அப்போதுதான். மாலுமி வேடமிட்டவன் ஆடியதால் மாலுமியின் ஆட்டமென்றே அது ஊன்றிவிட்டது. உண்மையான மாலுமிகளும் ஆடினார்கள். நெடும்பயணத்தில் உடம்பு துருப்பிடிக்காமலிருக்க மேல்தட்டில் ஆடவிட்ட கப்பல் தலைவர்கள் உண்டு. ஆட்டத்துக்கு ஒரு பிடில் போதும். தூக்குவது எளிது, இடமடைக்காது, காற்றிலும் கேட்கும். கீழைக்கடலுக்கு வந்த கப்பல்களில் பிடில் வந்ததற்குக் கலைக் காதலைவிட இந்த வசதியே பெரிய காரணம் என்பது என் துணிபு.

இம்மெட்டுகளின் அமைப்பு நம் கவிஞர்கள் கவனிக்கத் தக்கது. எட்டு அளவு கொண்ட ஒரு பகுதி, அது மறுபடி ஒருமுறை. மேல் தாயிக்கு ஏறும் மற்றொரு எட்டளவு, அதுவும் மறுபடி ஒருமுறை. அவ்வளவுதான் மெட்டு. ஆட்டக்காரன் ஓயும் வரை சுற்றிச் சுற்றி வரும். நம் கண்ணி வகையை அறிந்தவருக்கு இது அந்நியமாகப் படாது. ஹார்ன்பைப், ரீல், அணிநடை, நாட்டுப்புற வட்ட ஆட்டம் என வகை பலவானாலும் இந்த இரட்டைக் கூரை வீடு பெரும்பாலும் மாறுவதில்லை.

மணலிக்குத் திரும்புவோம். வாய்ப்பாட்டும் வீணையும் வீட்டுச் சொத்தாகவே கிடைத்த பாலுசாமிக்கு மற்றக் கருவிகளிலும் கைவந்தது. சுரபத், மிருதங்கம் முதலியவற்றைப் பழகியிருந்தார். கோட்டையில் கேட்ட பிடில் அவரை விடவில்லை. சின்னையா முதலியார் ஓர் ஐரோப்பிய வாசிப்பாளரை ஊதியம் பேசி அமர்த்தினார். மூன்று ஆண்டுகள் பாலுசாமி அவரிடம் பயின்றார். அந்த ஆசானின் பெயரை நாம் சொல்லிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. ஆசாரமான குடும்பத்து இளைஞர் ஒருவர், மிலேச்சர் கருவி என்று பெரியோர் முகஞ்சுளிக்கக்கூடிய ஒன்றை, வெள்ளையர் ஒருவரின் முன் மாணாக்கராய் நின்று கற்றார் என்பதை இன்று நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். தந்தை தடுக்கவில்லை என்பதே அந்த வீட்டின் பெருமையைச் சொல்லும்.

மூன்றாண்டுக் கல்வியில் அவர் பெற்றது சீமை வாசிப்பு. அதை நம் வாசிப்பாக்கியது அவரே தேடிக் கொண்ட கல்வி. வீணையில் மெட்டுகள் உண்டு. ஒரு கமகம் வேண்டுமானால் தந்தியை இழுக்க வேண்டும், ஓர் எல்லைக்கு மேல் அது இழுபடாது. பிடிலின் கழுத்திலோ மெட்டே இல்லை. விரல் எங்கு நின்றாலும் அங்கு ஒரு சுரம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரல் நழுவிச் சென்றால் நடுவிலுள்ள அத்தனை நுண்சுருதியும் பேசும். வில்லோ, மீட்டி முடித்தவுடன் ஓயும் ஒலியை நீட்டி நிறுத்தும். குரலின் மூச்சைப் போல. சீமையார் இவ்வசதியைத் தங்கள் தூய சுரங்களைத் துல்லியமாக நிறுத்தப் பயன்படுத்தினர். அதே வசதியில் தோடியின் அசைவும் பைரவியின் வளைவும் ஒளிந்திருப்பதைக் கண்டுகொண்ட காது பாலுசாமியுடையது. நான்கு தந்திகளைச் சீமை முறையில் சேர்க்காமல் சட்ச பஞ்சமமாகச் சேர்ப்பதும், நின்று தாடையில் தாங்குவதை விட்டுச் சம்மணமிட்டு, கருவியின் தலையை வலக்கணுக்காலில் ஊன்றி, இடக்கையைத் தாங்கும் வேலையினின்று விடுவித்து ஓடவிடுவதும் நம் மரபாயின. இவற்றுள் எது எவரால் முதலில் வந்தது என்று பிரித்துரைத்தல் இயலாது. தொடக்கம் அந்தத் தலைமுறையினுடையது.

முதல்வர் என்ற சிறப்பைத் தஞ்சைக்குத் தருவோரும் உளர். இரண்டாம் சரபோசி மன்னரின் அவையில், 1798-க்கும் 1832-க்கும் இடைப்பட்ட அந்த அரிய காலத்தில், மேனாட்டு வாத்தியக் குழுவே இருந்தது. அமைச்சர் வராகப்பையர் பிடில் கற்றுத் தேர்ந்தார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, முத்துசாமி தீட்சிதரின் மாணாக்கர், அக்கருவியில் பெற்ற தேர்ச்சிக்காக 1834-இல் சுவாதித் திருநாள் மன்னரிடம் தந்தத்தாலான பிடிலையே பரிசாகப் பெற்றார். எவர் ஒரு மாதம் முந்தினார் என்ற வழக்கில் எனக்கு ஆர்வமில்லை. மணலியிலும் தஞ்சையிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே கதவு தட்டப்பட்டிருக்கிறது. ஆனால் தமக்கென ஒரு கருவியாக அதை வரித்து, அதனோடேயே வாழ்நாளைக் கழித்த வித்துவான் என்றால் பாலுசாமியின் பெயரே முன்னிற்கும்.

தம்பி சீமை மெட்டுகளை வாசிக்க, அண்ணன் கேட்டார். முத்துசாமி தீட்சிதர் அம்மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். ஏறத்தாழ நாற்பது கிடைத்துள்ளன. நோட்டுசுர சாகித்தியம் என்பது அவற்றின் பெயர். மேனாட்டார் சுரத்துக்கு வழங்கும் பெயரே தமிழில் நோட்டு ஆயிற்று. எல்லாம் சங்கராபரணத்தின் சுரங்களில், கமகமில்லாமல், சதுசிர ஏகத்திலோ திசிர ஏகத்திலோ நடப்பவை. இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் மெட்டு, 1745 முதல் பொதுமேடையில் ஒலித்து வந்தது, இங்கே சங்கீத சியாமளையைப் போற்றும் பாட்டாயிற்று. அயர்லாந்தின் மாலோ ஊர்ப் போக்கிரிகளைப் பற்றிய துள்ளல் மெட்டில் மதுரை மீனாட்சி எழுந்தருளினாள். பிரித்தானியக் குண்டெறி படையின் அணிநடையில் சுப்பிரமணியர் வந்தார். ஆடலாமா பெண்ணே என்று பிரெஞ்சு மொழியில் கேட்கும் மெட்டுக்குச் சக்தியோடு கூடிய கணபதி வாய்த்தார். இன்றும் பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் கற்பிக்கும் பாட்டு அது. போர்க்களமும் குடிமனையும் ஆட்டக் கூடமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கருவறைக்குள் நுழைவதைப் பார்க்கையில் முதலில் புன்னகையே வருகின்றது.

இவற்றைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்கும் புலவர் உண்டு. நவாவரணக் கிருதிகளின் பக்கத்தில் வைத்தால் இவை சிறு செப்புகள்தாம், மறுப்பதற்கில்லை. ஆயினும் பாட்டெழுதுவோர்க்கு இவற்றில் ஒரு பாடம் இருக்கின்றது. மெட்டு முன்னே வந்து, சொல் பின்னே வரும்போது எழும் இடர்ப்பாட்டை நம் வட்டத்தில் எழுதுவோர் பலரும் அறிவர். நெட்டெழுத்து வேண்டிய இடத்தில் குற்றெழுத்து வந்து நொண்டும்; மெட்டு முடிந்தும் பொருள் முடியாது தொங்கும். முத்துசாமி தீட்சிதர் கமகத்தின் துணையே இல்லாத வெற்றுச் சுரத்தில், சுரத்துக்கு ஓர் எழுத்தாகச் சொல்லை அடுக்குகிறார். நெடிலும் குறிலும் சீமைத் தாளத்தோடு பிணங்காமல் நிற்கின்றன. குருகுக என்னும் முத்திரையும் இடம் பார்த்து அமர்கின்றது. இதைச் செய்ய அம்மெட்டுகள் காதில் ஊறியிருக்க வேண்டும். ஊற வைத்தது தம்பியின் வில்லாகவே இருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். நோட்டுசுரங்களின் மேல் அண்ணன் பெயர் மட்டும் நிற்பது முழுக் கணக்காகாது.

பின்னாளில் தமிழ்ப் பாட்டிலும் இந்த வாசல் திறந்தே இருந்தது. கோபாலகிருஷ்ண பாரதியார் நொண்டிச் சிந்தின் மெட்டையும் நோட்டின் மெட்டையும் ஒரே நந்தனார் சரித்திரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கேட்ட ஊரார் எவரும் அதனைச் சீமைச் சரக்கென்று தள்ளவில்லை.

குடும்பம் மணலியை விட்டுப் பிரிந்தபின் பாலுசாமியின் வாழ்வு அலைச்சலாயிற்று. 1817-இல் தந்தை மறைந்தார். சின்னசாமியும் பாலுசாமியும் இணைந்து பாடி ஊர்களில் பெயர் பெற்றனர், மதுரையில் தங்கினர். 1823-இல் சின்னசாமி அங்கே காலமானார். தோளோடு தோள் நின்று பாடிய துணை போயிற்று. துயரம் தாளாத பாலுசாமி இராமேசுவரத்துக்கு யாத்திரை போனார். அந்த வழியில்தான் எட்டயபுரத்து எட்டப்ப மன்னரின் கண்ணில் பட்டார். 1824 முதல் அவர் எட்டயபுரம் சமத்தான வித்துவான்.

திருவாரூரில் இருந்த முத்துசாமிக்கு ஒரு தம்பி இறந்த செய்தியும் மற்றவர் எங்கோ போய்விட்ட செய்தியும் சேர்ந்து எட்டின. மதுரைக்கு விரைந்தார். அங்கே, பாலுசாமிக்கு எட்டயபுரத்து மன்னர் திருமணம் செய்துவைக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டுத் தெற்கே நடந்தார். வழியில் வறண்ட நிலத்தைக் கண்டு இரங்கி அவர் அமிர்தவர்ஷிணியில் பாட மழை பொழிந்தது என்ற கதையை எல்லாரும் அறிவர். மழையைப் பற்றி நான் வாதிட மாட்டேன். அந்தக் கதையில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த ஓர் அண்ணன், எஞ்சிய ஒரே தம்பியைத் தேடிக் கரிசல் காட்டில் நடந்த நடை.

பாளையக்காரர் அவை என்றதும் நம் மாவட்டங்களின் நினைவு வராமற் போகாது. எட்டயபுரத்தில் பாலுசாமி வில்லேந்திய அந்தக் காலத்திலேதான் உடையார்பாளையத்தில் கச்சிக் கலியாணரங்க உடையாரின் அவையை கனம் கிருஷ்ணையர் தம் குரலால் நிறைத்தார். அரியலூருக்கு அருகே திருக்குன்றத்தில் பிறந்த கிருஷ்ணையர், கன மார்க்கம் என்னும் அரிய முறையைப் பொப்பிலி கேசவையாவிடம் பயின்று, தமிழ்ப் பதங்களால் புகழ் பெற்றவர். ஆட்சி கும்பினிக்குப் போய்விட்டது. படையும் கொத்தளமும் போய்விட்டன. சிறு பாளையக்காரர்க்குச் செலவழிக்க எஞ்சிய பெருமிதம் பாட்டும் புலமையும்தான் போலும். எட்டயபுரமும் உடையார்பாளையமும் ஆளுக்கொரு வித்துவானைக் கண்போல் காத்தன. ஒரு வேறுபாடு உண்டு. கிருஷ்ணையரிடம் இசை பயின்ற வேங்கடசுப்பையரின் மகனாக உ.வே.சாமிநாதையர் பிறந்தார், அரியலூரிலும் குன்னத்திலும் பிள்ளைப் பருவத்தைக் கழித்த அவர், 1936-இல் கிருஷ்ணையரின் வரலாற்றைத் தமிழில் தனி நூலாக்கித் தந்துவிட்டார். பாலுசாமிக்குத் தமிழில் அப்படியொருவர் வாய்க்கவில்லை.

எட்டயபுரத்தில் பாலுசாமி முப்பத்துநான்கு ஆண்டுகள் இருந்தார். மன்னர்கள் மேல் தெலுங்கில் தருக்கள் இயற்றினார். அரண்மனையாரே பாட்டெழுதும் வழக்கம் அங்கிருந்தது; அவர்கள் பாடல்களுக்குச் சுரக்கோவைகள் அமைத்துக் கொடுத்தார். அவர் இயற்றியவற்றின் எண்ணிக்கை சொற்பமே. வாசிப்பே வாழ்வாகக் கொண்டவர்க்கு நேரும் கதி இது: வில் ஓய்ந்த கணத்தில் படைப்பும் ஓய்கின்றது. முத்துசாமி தீட்சிதர் மீண்டும் எட்டயபுரத்துக்கு வந்து, 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் தம்பியின் ஊரிலேயே உயிர் நீத்தார். மூன்று சகோதரருள் கடைசியாக எஞ்சியவர் பாலுசாமி; அண்ணனுடைய கிருதிகளைப் பாடாந்தரம் பிசகாமல் காக்கும் சுமை அவர் தலையில் வந்தது. அந்தச் சுமையை அவர் இருபத்துமூன்று ஆண்டுகள் சுமந்தார்.

ஆண்மகவில்லாத அவர், மகள் அன்னபூரணியின் மகனைச் சுவீகாரம் கொண்டார். 1839-இல் பிறந்த அந்தப் பேரனே சுப்பராம தீட்சிதர். பாட்டனாரே தந்தையும் குருவுமாகி, குடும்பச் சொத்து முழுவதையும் வாய்வழி இறக்கி வைத்தார். 1858-இல் பாலுசாமி காலமானபோது பேரனுக்குப் பத்தொன்பது வயது.

இதன்பின் நடந்ததில் சீமைக்கும் நமக்குமான கணக்கு வேறு வகையில் திரும்பி வந்தது. ஆங்கில மெட்டுகள் நம்மிடம் வந்தது காதின் வழியே. நம் பாட்டைக் காப்பாற்ற வேண்டிய கட்டத்தில் சீமையாரின் மற்றொரு வழக்கம் கைகொடுத்தது. மெட்டைக் காகிதத்தில் எழுதி அச்சிடுவது அது. பிளேஃபோர்டு 1651-இல் தம் ஊர் ஆட்ட மெட்டுகளுக்குச் செய்ததை நம்மவர் செய்ய இரண்டரை நூற்றாண்டாயிற்று. நம் பாடல்களை ஐரோப்பியச் சுரக்குறியில் 1893 அளவில் வெளியிட்டு வந்த ஏ.எம். சின்னசாமி முதலியார், கிறித்தவர், கண்பார்வை மங்கிய நிலையிலும் எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதரைத் தேடிச் சென்று, நெஞ்சில் இருப்பதையெல்லாம் எழுதி வைக்குமாறு வற்புறுத்தினார். குடும்ப வித்தையைச் சந்தைக்குக் கொண்டுவரத் தீட்சிதர் தயங்கினார். அத்தயக்கத்தின் நியாயம் பரம்பரையில் வந்தவர்க்கே தெரியும். மன்னரும் வேண்டவே இசைந்தார். 1904-இல் எட்டயபுரம் வித்தியா விலாசினி அச்சகத்தில் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி தெலுங்கில் வெளிவந்தது. கமகங்களுக்கெனத் தனிக் குறியீடுகளை அமைத்து, பாட்டனார் கற்பித்தபடியே தீட்சிதர் கிருதிகளைச் சுரப்படுத்திய பெருநூல். வாக்கேயக்காரர் வரலாறும் அதில் உண்டு. பாலுசாமி கோட்டையில் கேட்டதும், மூன்றாண்டு பிடில் பயின்றதும், இராமேசுவர வழியில் எட்டயபுரம் அடைந்ததும் நமக்குத் தெரிவது அந்தச் சில பக்கங்களால்தான். சென்னை மியூசிக் அகாதெமி பின்னாளில் அந்நூலைத் தமிழ் எழுத்தில் பல பகுதிகளாகக் கொணர்ந்தது.

நூல் வெளிவந்த இரண்டாம் ஆண்டில், 1906-இல், சுப்பராம தீட்சிதர் மறைந்தார். அவர் அரண்மனை வித்துவானாக இருந்த அதே ஊரில், 1882-இல் சுப்பிரமணிய பாரதி பிறந்திருந்தார். முத்துசாமி தீட்சிதருக்கு எட்டயபுரத்தில் நினைவிடம் உண்டு. அன்பர்கள் சென்று பாடி வருகிறார்கள். அங்கே பாடுவோருக்குப் பக்கத்தில் பிடில் வாசிக்க ஒருவர் உட்கார்ந்திருப்பார்.